சீவல் மூட்டை

மூன்றாவது வெள்ளிக்கிழமை வந்த நூல் வளையம், இரண்டாவது வெள்ளிக்கிழமை வந்ததைவிட ஒரு நெல் அகலம் சின்னதாக இருந்தது. கபீர் இரண்டையும் பட்டறை மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். கண்ணாடியைச் சாரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சின்னதுதான். ஒரு மனுஷனின் கை வாரத்துக்கு வாரம் இளைக்குமா? நாற்பது வருடத்தில் இப்படி ஓர் அளவைப் பார்த்ததில்லை என்று தனக்குள் முனகிக்கொண்டு இழைப்புளியை எடுத்தார். எடுக்கும்போதே தோள்பட்டை வலித்தது. இப்போதெல்லாம் எதை எடுத்தாலும் எங்கேயாவது வலித்தது.

க்யிம்யிண்டைங் படித்துறைக்குப் பின்னால், இரண்டு ஆள் ஒதுங்கினால் மூன்றாவது ஆள் சாக்கடையில் நிற்க வேண்டிய சந்தில் இருந்தது அவர் பட்டறை. முன்னால் பட்டறை, பின்னால் வீடு. ஒரு காலத்தில் உரிமம் வைத்திருந்த வேட்டைக்காரர்களெல்லாம் துப்பாக்கிக்குக் கட்டை போட அவரைத் தேடி வந்தார்கள். அந்தத் துப்பாக்கிகளை எல்லாம் சர்க்கார் வாங்கி வைத்துக்கொண்ட பிறகு நாற்காலிக் கால்தான் பிழைப்பு. அப்படியிருக்க, அக்கரைக்குப் படகு ஓட்டும் சர்ஃபராஸ் இரண்டு வாரத்துக்கு முன்னால் சாக்கில் சுற்றிய இரும்புக் குழல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். வாய்ப்பக்கமாகக் கரிமருந்தைப் போட்டுக் கிட்டித்துச் சுடுகிற, பாட்டன் காலத்துத் துப்பாக்கிக் குழல். கபீரை அவன் பர்மியில் 'சயா', அதாவது ஆசானே, என்றுதான் கூப்பிடுவான்.

"இதுக்குக் கட்டை போடணுமாம், சயா. படாக் மரம்தான் வேணுமாம். எண்ணெய் தடவக் கூடாதாம். சீவுன சீவல ஒண்ணு விடாம மூட்டை கட்டி வைக்கணுமாம்."

"பிடிச்சா ஆயுசுக்கும் உள்ளதாண்டா. எடுத்துட்டுப் போ."

"என் படகுல வர்ற ஒருத்தரு அளவும் குடுத்திருக்காரு. பாத்துட்டுச் சொல்லுங்க."

மெழுகு தடவிய நூல்கள். பார்த்ததும் கபீர் அவற்றை வெளிச்சத்தில் பிடித்து முடிச்சு முடிச்சாக எண்ணினார். காகிதத்தில் எண்ணாக எழுதாமல் நூலில் முடிச்சாக அளவெடுப்பது அவருடைய பழக்கம். விசை வரும் இடத்தில் ஒற்றை முடிச்சு, கன்னம் படும் இடத்தில் இரட்டை, தோளில் மூன்று. உள்ளங்கையைச் சுற்றிய நூல் தனி வளையம். அதில் சரிபாதி, பிடியின் சுற்றளவு. இந்தக் கணக்கைத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். ஒருவர் கபீர். இன்னொருவன் அவர் மகன் ஆபித். வந்த அளவோ இடக்கைக்காரனுடையது. சுடும் விரலின் நூல் அரை அங்குலம் குறைந்திருந்தது. ஆபித்தின் இடது சுட்டுவிரல் நுனியை இதே பட்டறையின் ரம்பம்தான் தின்றது.

படைக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் பெயர் வந்த மறுநாள் காட்டுப்பக்கம் போனவன் அவன். பதினாலு மாதமாக ஒரு போன் கிடையாது. இறந்துவிட்டான் என்று யாரோ சொன்னார்கள், மையித்தைப் பார்த்தவர் யாருமில்லை. தொழ வைக்கவும் முடியாமல், தேடவும் முடியாமல், கபீரும் அவர் மனைவி ஹமீதுன்னிசாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பதினாலு மாதத்தை ஓட்டியிருந்தார்கள்.

"என் புள்ள உசிரோட இருக்கான்" என்று ஹமீதுன்னிசா அந்த நூலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அன்றைக்கே மணக்க மணக்க காய்ந்த இறாலில் பலாச்சோ வறுத்து பாட்டிலில் அடைத்து சர்ஃபராஸிடம் கொடுத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை புது நூலோடு பாட்டிலும் திரும்பி வந்தது. மூடியைத் திறக்கவே இல்லை.

"ஆள் எப்படிடா இருக்கான்?"

"மொகம் தெரியல, சயா. படகுக் கடைசியில முக்காடு போட்டு உக்காந்திருப்பாரு. பேச மாட்டாரு. நான் கிட்ட போக மாட்டேன்."

"ஏன்?"

சர்ஃபராஸ் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

கபீர் பிடியைச் சீவினார், கன்னம் படும் இடத்தையும் சீவினார். வளையம் சிறுத்தது. மறுபடி சீவினார். ஆனி மழை தகரத்தை விடாமல் அடித்தது, பகலிலேயே பட்டறை இருண்டு கிடந்தது, மின்சாரம் நினைத்தபோது வந்து நினைத்தபோது போயிற்று. ஆற்றுச் சேற்று வாடையும் ஈர மரத்தின் வாடையும் சட்டையில் ஏறிக்கொண்டு துவைத்தாலும் போகவில்லை. படாக் உள்ளே போகப் போகச் சிவந்தது. இழைப்புளியின் வாயிலிருந்து சுருள் சுருளாக வந்த சீவல் கையில் ஒட்டியது. காய்ந்த மரம் கையில் ஒட்டாது. எடுத்து உதறி மூட்டையில் போட்டார். பாவம், காட்டில் சோறு தண்ணி இல்லாமல் பிள்ளை இளைத்துக்கொண்டே வருகிறான் என்று நினைத்துக்கொண்டார். அதற்குமேல் யோசிக்க உடம்பில் தெம்பில்லை.

நாலாவது வாரம் காய்ச்சல். ஆறு நாள் பட்டறைப் பக்கமே போகவில்லை. அந்த வெள்ளிக்கிழமை வந்த நூலை முந்தின வார நூல்மேல் வைத்தார். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. அப்பாடா என்று இருந்தது. பிள்ளைக்கு உடம்பு தேறுகிறது!

ஐந்தாவது வாரம், செவ்வாய்க்கிழமை, அசதியில் கண் சொருகி அரம் வழுக்கியது. பிடியில் கட்டைவிரல் உட்காரும் இடத்தில் ஒரு பிளவு பெயர்ந்து விழுந்தது. கபீர் யாரிடமும் சொல்லவில்லை. பெயர்ந்த துண்டையும் மூட்டையில் போட்டார்.

வெள்ளிக்கிழமை சர்ஃபராஸ் வாசலோடு நின்றான்.

"அவரு கையில துணி சுத்தியிருக்கு, சயா. கட்டைவெரல் பக்கமா. செவ்வாக்கெழம நல்லா இருந்த மனுசன், திடீர்னு கையப் புடிச்சுக்கிட்டு ஒரு கத்து கத்துனாரு. படகே ஆடிப்போச்சு."

நூலில் ஓர் இடம் பழுப்பாகக் காய்ந்திருந்தது.

சர்ஃபராஸ் போனதும் கபீர் வாரா வாரம் வந்த நூல்களை மேசையில் வரிசையாக வைத்தார். வைஸில் இறுகிக் கிடந்த கட்டையைப் பார்த்தபடி இருந்தார். சீவிய வாரமெல்லாம் இளைத்தான். சீவாத வாரம் இளைக்கவில்லை. கை இளைத்ததால் பிடியைச் சீவவில்லை. பிடியைச் சீவியதால்தான் கை இளைத்தது. யா அல்லாஹ். இத்தனை வாரமும் மெழுகு போட்டு, பதம் பார்த்து, ஊதி ஊதித் துடைத்துச் சீவியது யாரை?

மூட்டையைக் கவிழ்த்தார். செந்நிறச் சுருள்கள் தரையில் சரிந்தன. ஒன்றுகூடக் காயவில்லை.

அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பெயர்ந்ததை ஒட்டுவது. வச்சிரத்தை ஊறப்போட்டுக் காய்ச்சினார். தோலும் எலும்பும் வேகிற அந்தப் பசையின் வாடை வீடு முழுக்கப் பரவியது. முதலில் அந்தப் பிளவைப் பொருத்தினார். பிறகு ஒவ்வொரு சுருளாக நீவி, பசை தடவி, பிடியின்மேல் வைத்து, கயிற்றால் இறுக்கினார். எது எங்கிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? குத்துமதிப்பாக ஒட்டினார். ஒன்றன்மேல் ஒன்று. ஓரங்கள் படியவில்லை. மறுபடி மறுபடி சுருண்டுகொண்டன.

"என்னங்க இது, சீவுனதத் திரும்ப ஒட்டுறீங்க?" என்றாள் ஹமீதுன்னிசா, கதவில் சாய்ந்துகொண்டு. "மீ வேற போயிருச்சு, வெளக்கு எரியல. இருட்டுல என்ன தெரியுது? செத்த படுங்களேன்."

"முடியட்டும்."

"புள்ளைக்குத்தானே?"

"புள்ளைக்குத்தான்" என்றார் கபீர். அடுத்த சுருளை நீவினார்.

புதன்கிழமை ஒட்டும் வேலை முடிந்தது. பசைச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தபோது நல்ல மழை. கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். சந்து முனையில் சர்ஃபராஸ் நனைந்துகொண்டு நின்றான். உள்ளே வரவில்லை. கையில் நூலும் இல்லை.

"அவரே வந்திருக்காரு, சயா" என்று கத்தினான். "நான் எறக்கி விட்டுட்டேன். இனி என்னைக் கூப்பிடாதீங்க."

ஓடினான்.

மின்சாரம் போனது. மழை மட்டும்.

பிறகு சந்தின் பலகைமேல் ஒரு காலடி. நின்றது. இன்னொன்று. ஈரத்தில் அமுங்கி, ஒட்டி, பிய்ந்து எழும் காலடி.

வச்சிர வாடை. கபீர் சட்டியைப் பார்த்தார். கவிழ்ந்தே கிடந்தது. வாடை வெளியிலிருந்து வந்தது.

காலடி வாசலில் நின்றது.

"அத்தா."

அவன் குரல். அவனேதான். உள்ளே பாத்திரம் விழுந்து உருண்டது.

"ஆபித்து! என் கண்ணு!" ஹமீதுன்னிசா முந்தானை தடுக்க ஓடிவந்தாள்.

"போகாதே" என்றார் கபீர். மழையில் அவளுக்குக் கேட்கவில்லை. கயிற்றை விட்டுவிட்டு எழுந்தார்.

அவள் தாழ்ப்பாளைத் தூக்கினாள். கதவைத் திறந்தாள். சிரித்த முகம் சிரித்தபடியே நின்றது. அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

முக்காட்டுக்குள்ளிருந்து இடது கை நீண்டு, வைஸில் இருந்த துப்பாக்கியின் பிடியைப் பற்றியது. நுனியில்லாத சுட்டுவிரல் விசையைத் தேடிச் சரியாக உட்கார்ந்தது. அந்தக் கை முழுவதும் சதை சுருள் சுருளாக, ஒன்றன்மேல் ஒன்றாக, இடம் மாறி ஒட்டியிருந்தது. ஓரங்கள் படியாமல் சுருண்டிருந்தன. இடுக்குகளில் பசை இன்னும் காயவில்லை.

"அளவு சரியா இருக்கு, அத்தா" என்றான் ஆபித். முக்காட்டை மெல்ல விலக்கினான். "கன்னத்துலயும் கொஞ்சம் ஒட்டுங்க."