ஷிஜா சேச்சிக்கு ஓர் ஆடாத ஸ்டாண்டு

ஆற்றுக்கால் பொங்கல் அன்று ஆரியசாலைத் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. விடிவதற்கு முன்பே பெண்கள் அம்மனுக்குப் பொங்கலிடத் தெருவிலேயே செங்கல் அடுக்கிப் பானையோடு உட்கார்ந்துவிடுவார்கள். வெயில் ஏற ஏறத் தாகம் வாட்டி எடுத்துவிடும்.

அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதாகப் பக்கத்து வீட்டு ஷிஜா சேச்சி சொல்லியிருந்தார். பூமாரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. போன மழைக்காலத்தில் அவள் காய்ச்சலில் கிடந்தபோது, ஆஸ்பத்திரியில் ராப்பகலாகக் கூட இருந்தது ஷிஜா சேச்சிதான். அந்த நன்றிக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று பூமாரி காத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் பாருங்கள், தண்ணீர் ட்ரம் வைக்கச் செய்த ஸ்டாண்டு காலை வாரிவிட்டது. வரிசையாக ஓட்டை போட்ட ஆங்கிள் எனும் இரும்புச் சட்டங்களில் பூமாரியின் அப்பா வீரபாண்டி செய்தது. மேலே ட்ரம்மை வைத்ததும் தூளி போல ஆடியது. சுற்றிலும் அடுப்புகள், பெண்கள். விழுந்தால் என்ன ஆவது?

“இறக்கிடலாம் அண்ணா. ஆர்க்காவது பட்டால் பாவமல்லே. இந்த வருஷம் தண்ணி வேண்டா,” என்றார் ஷிஜா சேச்சி. முகம் வாடிவிட்டது.

ட்ரம்மை இறக்கினார்கள். “காலு மெலிசு. தடியான ஆங்கிள் வேணும். இன்னைக்குக் கடையெல்லாம் அடைப்புல்லா,” என்றார் அப்பா.

பூமாரி குத்தவைத்து உட்கார்ந்து ஸ்டாண்டை மெல்ல ஆட்டிப் பார்த்தாள்.

“எப்பா, காலு வளையவே இல்லியே. மூலைதான் கத்தரிக்கோல் மாதிரி திறந்து திறந்து மூடுது.”

உண்மைதான். ஒவ்வொரு மூலையிலும் ஒரே ஒரு போல்ட்டு. காலும் குறுக்குக்கம்பியும் அதைச் சுற்றிச் சுகமாகத் திரும்பிக்கொண்டிருந்தன.

“நம்ம புத்தக ராக்கு ஆடாதுல்லா? அதுல மூலைக்கு மூலை முக்கோணத் தகடு இருக்கு. அதை மாட்டுவோம்.”

“தகடுக்கு எங்கட்டி போக?”

பூமாரி வீட்டுக்குள் ஓடினாள். புத்தகமெல்லாம் தரைக்கு வந்தது. ராக்கிலிருந்து அவள் தகடுகளையும் போல்ட்டுகளையும் கழற்றிக் கொடுக்கக் கொடுக்க, அப்பா ஸ்டாண்டில் முடுக்கினார்.

ட்ரம் மறுபடி ஏறியது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். பூமாரி பிடித்துத் தள்ளினாள். அசையக் காணோம். முன்பு நடுவில் தொய்ந்த குறுக்குக்கம்பிகூட இப்போது அவ்வளவு தொய்யவில்லை.

அப்பா குனிந்து பார்த்தார். “முன்ன கம்பி தனியாக் கிடந்து வளைஞ்சுது. மூலை இறுகினதும் காலும் கூடச் சேர்ந்து பிடிக்குது. காலுக்குத்தான் வேலை கூடிப்போச்சு. தாங்கும், தாங்கும்.”

தொலைவில் மலையோரத்து வித்துராவிலிருந்து பொங்கலிட முதல் பஸ்ஸில் வந்த ஓர் அம்மாள் முதல் டம்ளரைக் குடித்துவிட்டு, “நல்லா இருக்கணும் மோளே,” என்றார். அப்புறம் டம்ளர் ஓயவே இல்லை.

பொங்கல் நைவேத்தியம் முடிந்தது. ஷிஜா சேச்சி தன் பானையிலிருந்து முதல் கரண்டிப் பாயசத்தை இலையில் வைத்துப் பூமாரியிடம் நீட்டினார். கண் கலங்கியிருந்தது.

“உனக்கு எப்படி மோளே நன்றி சொல்ல?”

“சொல்லாதீங்க சேச்சி. இதுவே ஆஸ்பத்திரியில நீங்க கூட இருந்ததுக்கு நான் சொன்ன நன்றி. நீங்க திருப்பிச் சொன்னா நான் இன்னும் எதையாவது கழற்றணும். வீட்டுல இனி அப்பா கட்டில்தான் மிச்சம்.”

வீரபாண்டி ஸ்பேனரை எடுத்துச் சட்டென்று மடியில் செருகிக்கொண்டார்.