வாயில்லாத மாக்கல் பொம்மை

அருங்காட்சியகத்தின் பின்கட்டில், பழைய பொருள்களைச் செப்பனிடும் அறைக்கு ஒருநாள் காலை ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஒரு பெண் பொம்மை. விரல் நீளம்தான் இருக்கும், ஏதோ பழங்காலக் கல்லறையில் கிடைத்ததாம். மாக்கல்லில் செதுக்கியது. கண், மூக்கு, காது எல்லாம் அப்படி ஓர் அழகு. வாய் மட்டும் இல்லை.

மாக்கல்தானா என்று பார்க்க நகத்தால் லேசாகக் கீறினால் போதும், மாவு வரும். அதையும் அடிப்பாகத்தில்தான் செய்ய வேண்டும். செப்பனிடுகிறவளுக்கு அன்று என்ன அவசரமோ, மூக்குக்குக் கீழே கீறிவிட்டாள்.

பள்ளி விட்டதும் அவளுடைய மகள் அங்கே வந்தாள். ஆறு வயது. பேச ஆரம்பித்தால் ஓயமாட்டாள், அதனால் எல்லோருக்கும் அவள் வாயாடி.

"அம்மா, அந்தப் பொம்மை ஏன் என்னையே பாக்குது?"

மறுநாள் கீறல் ஆழமாகியிருந்தது. பூட்டிய அறை, யாரும் தொடவில்லை. மேசையில் புதிதாக வெள்ளை மாவு கொட்டியிருந்தது. வீட்டில் வாயாடிக்குத் தொண்டை கட்டியிருந்தது.

மூன்றாம் நாள் கீறலுக்கு உதடுகள் வந்துவிட்டன.

"அம்மா," வாயாடி கிசுகிசுத்தாள், "அது என் பேச்சை எடுக்குது."

தொண்டையில் ஒன்றுமே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா நேரே அந்த அறைக்குப் போனாள். மாவைப் பசையில் குழைத்துப் பொம்மையின் வாயை அடைத்தாள். காலையில் அது உதிர்ந்து கிடந்தது. கடைசியில் பொம்மையைத் துணியில் சுற்றி, அருங்காட்சியகத்தில் பானை ஓடுகளைச் சுட்டுப் பார்க்கும் உலைக்கு எடுத்துப் போனாள்.

"சுட்டா கல்லு இறுகிடும்மா," என்றார் உலைக்காரர். "அப்புறம் கத்தியே இறங்காது. உள்ளது உள்ளபடி நின்னுடும். நல்லா யோசிச்சுக்க."

"அதுதாண்ணே வேணும். இதுக்கு மேல அது தொறக்கக் கூடாது."

தானே உள்ளே வைத்து, தானே கதவை மூடினாள்.

மறுநாள் மதியம் உலை ஆறியது. வாயாடி பக்கத்தில் நின்றாள். கதவில் கை வைத்தபோது உள்ளிருந்து குரல் கேட்டது.

"அம்மா."

தொண்டை கட்டாத, கணீரென்ற வாயாடியின் குரல்.

அவள் திரும்பிப் பார்த்தாள். வாயாடியின் உதடுகள் அசையவில்லை.

கதவைத் திறந்தாள். பொம்மையின் வாய் அகலத் திறந்திருந்தது. பதறிப்போய்ச் சுரண்டினாள். அவள் நகம்தான் ஒடிந்தது.

"அம்மா, உள்ள ரொம்பச் சூடா இருந்துச்சு. நீதானே கதவை மூடினே?"

பக்கத்தில் நின்றவள் மெல்ல அவள் கையைப் பிடித்தாள். அந்த விரல்கள் சில்லென்று இருந்தன. பிடித்த இடமெல்லாம் வெள்ளை மாவு ஒட்டியது.