ஒரு வாட்ச்... இரண்டு மணிக்கட்டு!

அந்த அலறல் ஒரகடம் பெண்கள் விடுதியையே உலுக்கியது.

முனிரத்தினம் மாடிப்படியின் அடியில் மல்லாந்து கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். மூடாத கண்கள். விடுதிக்குச் சொந்தக்காரர். கம்பெனிக்கு ஆள் சேர்த்துவிடும் கான்ட்ராக்டர். இனி இரண்டும் இல்லை!

நைட் ஷிஃப்ட் முடித்து அடித்துப் போட்டது மாதிரி தூங்கிய சத்யப்பிரியாவின் காதில் அலறல் விழவேயில்லை. போலீஸ் வந்துதான் எழுப்பியது.

சாயங்காலம் அவள் ஸ்டேஷனில் இருந்தாள்.

ஜன்னல் இல்லாத அறை. ஒரே கதவு. அதை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் இன்ஸ்பெக்டர் கங்கா.

முந்தின நாள் சண்டையை விடுதி மொத்தமும் கேட்டிருந்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் சத்யா. அவளுடைய இன்ஜினியரிங் ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டெல்லாம் முனிரத்தினத்தின் பீரோவில். மறைமலை நகர் கம்பெனி ஒன்று திங்கட்கிழமை ஒரிஜினலோடு வரச் சொல்லியிருந்தது. தான் சேர்த்துவிட்ட கம்பெனி அசெம்பிளி லைனை விட்டு எவளும் போகக் கூடாது என்று அவர் கொடுக்க மறுத்துவிட்டார்.

‘நீங்க செத்தாதான் குடுப்பீங்களா?’ என்று கேட்டுத் தொலைத்திருந்தாள்.

செத்துவிட்டார்!

“தூங்கிக்கினு இருந்தேன்னு சொன்ன.” கங்கா, சத்யாவின் செல்போனைத் திருப்பிக் காட்டினார்.

“ஆமா மேடம்.”

“உன் கையில கட்டிக்கினு இருந்த வாட்ச் வேற கத சொல்லுதே. அந்தாளு செத்த நேரத்துல நாடி எகிறிக்கீது. தூக்கத்துல எவம்மா இவ்ளோ கலோரி எரிப்பா?”

வாட்ச்சோடு இணைத்திருந்த அந்தச் செல்போன் திரையில் சிவப்புக் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது.



அது அவள் வாட்ச் மட்டுமல்ல. அவளும் பாண்டிச்செல்வியும் சேர்ந்து வாங்கியது. செல்வி தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். சத்யாவுக்கு நைட் ஷிஃப்ட், செல்விக்குப் பகல். இரண்டு பேருக்கும் ஒரே கட்டில்... ஒரே வாட்ச்!

மொட்டைமாடியில் குதித்துக் குதித்து எக்சர்சைஸ் செய்த செல்விக்கு, எவ்வளவு கொழுப்பு கரைகிறது என்று தெரிந்தாக வேண்டும். எந்த வாட்ச் வாங்குவது என்று நாலு நாள் இரண்டு பேரும் செல்போனில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். போகிற வழியைக் காட்டும் விலை கூடின வாட்ச் வேண்டாம். விடுதி, பஸ், கம்பெனி... இந்த மூன்றைத் தவிர எங்கே போகிறோம் என்று சத்யா எரிந்து விழுந்தாள். ஆனால் நாடி பார்க்காத வாட்ச், கலோரியைக் குத்துமதிப்பாகத்தான் சொல்லும். ஆக, நாடி பார்க்கிறதில் சல்லிசானது எதுவோ அது!

லைனுக்குள் ஒரு மோதிரம்கூடப் போக முடியாது. அதனால் யாருக்கு டியூட்டி இல்லையோ அவள் கட்டிக்கொள்வாள்.

இன்று செல்விக்கு வீக் ஆஃப்.

வாட்ச் செல்வியின் கையில்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் சத்யா கண் விழித்தபோது அது அவள் மணிக்கட்டில் இருந்தது...

அப்படியென்றால்... செல்வியா?

செய்வதைச் செய்துவிட்டு என் கையில் கட்டிவிட்டாளா?

 ஒரு பெயர். அதைச் சொன்னால் கதவு திறக்கும். அதே கதவு செல்வியை உள்ளே தள்ளிவிட்டுச் சாத்திக்கொள்ளும்.

சத்யா பல்லைக் கடித்தாள். சொல்லவில்லை.

“வாயத் தொறக்க மாட்டியா? சரி. ராத்திரி ரிமாண்டு.”

அப்போதுதான் வெளியே அழுகுரல் கேட்டது. கான்ஸ்டபிளைத் தாண்டி, கங்காவின் நாற்காலி இடுக்கில் புகுந்து உள்ளே நுழைந்தாள் பாண்டிச்செல்வி.

பேசாதே என்று சத்யா கண்ணால் கெஞ்சினாள்.

“அக்கா கையில வாட்ச்ச கெட்டுனது நாந்தான் மேடம்...”

“உன் கையில இருந்ததா?” கங்கா எழுந்தார்.

“இல்ல மேடம். ஓனர் கையில.”



செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். அவள் குதிப்பதில் தளம் விரிசல் விடுகிறது என்று சொல்லி முனிரத்தினம் வாட்ச்சைப் பிடுங்கிக்கொண்டார். இந்த விலைக்கு இதெல்லாம் டுபாக்கூர் என்று சிரித்தார். பிறகு தன் கையிலேயே கட்டிக்கொண்டார்.

“நெசமாவே காட்டுதான்னு பாக்கேன்னு சொல்லி ஓடி ஓடிப் படி ஏறுதாரு, எறங்குதாரு. கலோரி போதலன்னு மறுக்கயும் ஏறுதாரு. அப்படியே நெஞ்சப் புடிச்சிட்டு உருண்டுட்டாரு. நான் கத்துனேன்.”

“பொணத்துலேருந்து வாட்ச்ச ஏன்டி கழட்டுன?”

“எங்க வாட்ச்சுல்லா மேடம்... நீங்க கொண்டுட்டுப் போயிருவீகளேன்னு...”

பணம் போட்டு வாங்கிய சாமானாம்! தூங்குகிற அக்கா கையில் இருந்தால் யாரும் தொடமாட்டார்கள் என்று கட்டிவிட்டாளாம்!

சத்யாவுக்கு அவளை அறையத் தோன்றியது. கட்டிக்கொள்ளவும்.

“ரெண்டு பேரும் சேந்து கத வுட்றீங்களா?”

“மேடம்,” சத்யா நிமிர்ந்தாள். “நாடி எகிறின எடத்தோட நிறுத்திட்டீங்க. அதுக்கப்புறம் பாத்தீங்களா?”

கங்கா திரையை நகர்த்தினார்.

உச்சிக்கு ஏறின கோடு சட்டென்று அறுந்திருந்தது. கொஞ்ச தூரம் வெறுமை. அப்புறம் தாழ்வாக, நிதானமாக இன்னொரு கோடு.

“அந்தக் கடைசிக் கோடுதான் நான். தூங்கறேன். மொதக் கோடு அவரு.”

“நடுவுல காலியா கீதே?”

“அதுலதான் மேடம் அவரு செத்தாரு.”

மேஜைப் போன் அலறியது! கங்கா எடுத்தார். ஆஸ்பத்திரி. பிரேதப் பரிசோதனை டாக்டர்.

கேட்டார். கேட்டுக்கொண்டே சத்யாவைப் பார்த்தார். முதலில் நின்றது இதயமாம். மண்டை உடைந்தது அப்புறமாம்.

ரிசீவரை வைத்தவர், கதவை மறித்திருந்த நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார். சத்யாவின் சர்ட்டிஃபிகேட்டை எடுத்துவர, பீரோ சாவியோடு கான்ஸ்டபிளை அனுப்பினார்.

பிறகு வாட்ச்சைக் கையில் எடுத்தார். தன் பெல்ட்டுக்கு மேலே பிதுங்கிய வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

“ஏம்மா... இது கலோரிய கரெக்டா காட்டுமா?”

சத்யா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

“முனிரத்தினத்துக்கும் இதே டவுட்டுதான் மேடம்!”