செம்பியின் இடப்பக்கம்

செம்பி தனியாகத் திரும்பி வந்திருந்தது. முதுகில் சேணம் அப்படியே இருந்தது, பிடிகயிறு அறுந்து முழம் அளவு தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கூட்டிப்போன சவரியைத்தான் காணோம்.

சேதி கொடைக்கானலுக்கு எட்டியபோது ஏரிக்கரையில் நல்ல கூட்டம். பிலோமி, சவரியின் தங்கை, ஒரு பெரியவரைக் குதிரைமேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். பாதியில் அவரை இறக்கிவிட்டு, அண்ணனின் கூட்டாளி மைதீனோடு ஜீப்பில் ஏறினாள். புகைச்சோலை முகாமுக்கு வந்து சேர்வதற்குள் காலை வெளிச்சம் மங்கி, மேகம் மரங்களின் இடுப்புவரை இறங்கிவிட்டிருந்தது.

முகாம் என்று பெயர்தான் பெரிது. கதவில்லாத ஓட்டுக் கொட்டகைகள் இரண்டு, பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி, கற்களை வட்டமாக அடுக்கிய அடுப்பு, அவ்வளவுதான். மின்சாரம் கிடையாது, கைப்பேசியும் எடுக்காது. குதிரைகளோடு வந்து காட்டில் தங்க ஆசைப்படுகிறவர்களுக்காக இந்த மழைக்காலம் முடிந்ததும் சவரி தொடங்கவிருந்த புதுத் தொழில் இது. முதல் கூட்டம் வருவதற்கு முன் பாதையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று முந்தின நாள் காலையில் செம்பியைக் கூட்டிக்கொண்டு மஞ்சுப்பாறைக்குக் கிளம்பியவன். சாயங்காலம் குதிரை மட்டும் வந்தது.

கொட்டகைக்குப் பக்கத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு நீளக் கயிறு, ஆள் தலைக்கு மேலே, விறைப்பாகக் கட்டியிருந்தது. அதில் செம்பியும் துரை என்ற பெரிய குதிரையும் நின்றன. காட்டில் குதிரையை மரத்தடியில் கட்டக் கூடாது. சுற்றிச் சுற்றி வந்து கயிற்றில் காலைச் சிக்கவைத்துக்கொள்ளும், பயந்து இழுத்தால் கால் போய்விடும். கயிறு தலைக்கு மேலே இருந்தால் குனிந்து மேயலாம், படுக்கலாம், காலைத் தூக்கி அதன்மேல் போட மட்டும் முடியாது. அதைக் கட்டியது சவரி. அந்த முடிச்சைப் பிலோமி விரலால் தடவிப் பார்த்தாள். அப்பா அம்மா போனபிறகு அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு ஆள்தான்.

முகாமைக் காவல் காக்கும் வனத்துறை வாட்சர் பாண்டியராசு தொப்பலாக நனைந்து வந்தார். முழங்காலுக்குக் கீழே அட்டை கடித்த ரத்தம் கோடு கோடாக வழிந்தது.

“விடிஞ்சதுலேர்ந்து தேடுறோம்மா. மஞ்சுப்பாறையில எங்க ஆளுங்க இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்காங்க. ஒண்ணும் தட்டுப்படலை” என்றார்.

“பாறையில மட்டுமா பாக்குறீங்க?”

“வேற எங்கம்மா விழுவாங்க? ஈரத்துல அந்தப் பாறை கண்ணாடி மாதிரி. ஏற்கெனவே ஆளைக் குடிச்ச பாறை.” சொன்னபிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமென்று அவருக்குப் பட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

மைதீன் வானத்தைப் பார்த்தான். “மேல மழை வலுக்குது தங்கச்சி. ஓடை ஏறுச்சுன்னா பொழுதுசாய இவங்களையும் இறங்கச் சொல்லிடுவாங்க.”

பிலோமி அதற்குள் குதிரையிடம் போயிருந்தாள். செம்பியின் உடம்பைத் தடவிக்கொண்டே சுற்றி வந்தாள். கால்களில் காயமில்லை, லாடம் நாலும் இருந்தன. சேணத்தின் பின்பக்கம் கொள்ளுப் பை கட்டியிருந்தது. குதிரையின் மூக்கில் மாட்டித் தீவனம் கொடுக்கிற சாக்குப் பை. அதை அவிழ்த்தாள். காலி. வெறும் காலியும் இல்லை, நாலாக மடித்து வார் போட்டு இறுக்கியிருந்தது.

“வாட்சரய்யா, இந்தப் பையை யாராவது தொட்டீங்களா?”

“குதிரையைப் பிடிச்சுக் கட்டினதோட சரி. சேணத்தை இறக்கக்கூட அது விடலையே.”

“அப்ப எங்க அண்ணன் பாறையில விழலை.”

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

“போற வழியில அண்ணன் கொள்ளு குடுக்காது. வயிறு நிறைஞ்ச குதிரை மேடு ஏறாதுன்னு சொல்லும். போய்ச் சேர்ந்து, மூச்சு அடங்கி, தின்ன வச்சு, பையை மடிச்சுக் கட்டிட்டுத்தான் திரும்பும். பை மடிச்சிருக்கு. பாறைக்குப் போய், நல்லபடியா இருந்து, கிளம்பியும் இருக்கு. என்ன நடந்திருந்தாலும் திரும்புற பாதையிலதான் நடந்திருக்கு.”

“பாதை பூராவும் கூப்பிட்டுக்கிட்டேதான்மா போனோம்” என்றார் வாட்சர்.

“பாதை எப்படி இருக்கும்? பள்ளம் எந்தப் பக்கம்?”

“போறப்ப வலது கைப்பக்கம் பள்ளம், இடது கைப்பக்கம் மலை.”

“திரும்புறப்ப?”

“மாறி வரும். இடது கைப்பக்கம்…” என்று தொடங்கிய வாட்சர் நிறுத்தினார். மைதீனின் முகம் செத்துப்போயிற்று. அவனுக்கு விளங்கிவிட்டது.

ஏரிக்கரையில் குதிரை விடுகிறவர்கள் குதிரைமேல் ஏறுவதில்லை. ஏறுவது ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். இவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார்கள், எப்போதும் குதிரையின் இடப்பக்கத்தில். காரும் பஸ்ஸும் வலப்பக்கம் உரசிக்கொண்டு போகும் சாலை அது. ஆகவே குதிரை இடது ஓரத்தை ஒட்டி நடக்க வேண்டும், ஆள் அதற்கும் உள்ளே, ஓரத்திலும் ஓரமாக நடக்க வேண்டும். வண்டிக்கும் ஆளுக்கும் நடுவே குதிரை சுவர்போல வரும். ஏரியைச் சுற்றி வருகிறவரை உலகத்தில் இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. செம்பியைக் குட்டியிலிருந்தே அப்படிப் பழக்கியது சவரி. எந்தச் சாலையானாலும் இடது ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மஞ்சுப்பாறைக்குப் போகும்போது அந்த இடது ஓரத்தில் மலை இருந்தது. திரும்பும்போது பள்ளம் இருந்தது. மேகம் மூடிய பாதையில் சவரியின் கால்கள் பழகின பக்கத்திலேயே நடந்திருக்கும், குதிரையும் பழகின ஓரத்துக்கே ஒதுங்கியிருக்கும்.

“அதுவே தள்ளிவிட்டிருச்சா?” என்றான் மைதீன் மெதுவாக.

“அதுக்கு என்ன தெரியும் மைதீண்ணே. சொல்லிக் குடுத்ததைச் செஞ்சிருக்கு.”

பிலோமி திரும்பி, தலைக்கு மேலே கட்டியிருந்த நீளக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். “இது வேணும். ரெண்டு குதிரையும் வேணும்.”

“குதிரை எதுக்கும்மா? இந்த மழையில பாதையே உதிருது” என்றார் வாட்சர்.

“துரை இழுக்கிறதுக்கு. செம்பி இடத்தைக் காட்டுறதுக்கு.”

பாதை மலையின் விலாவில் வெட்டியது. ஒரு குதிரையும் ஓர் ஆளும் ஒட்டிக்கொண்டு போகலாம், அதற்குமேல் அகலமில்லை. வலப்பக்கம் புல்லும் பெரணியும் அடர்ந்து விளிம்பை மூடியிருந்தன. வாட்சர் தடியால் புல்லைக் குத்திக் காட்டினார். தடி தடங்கலில்லாமல் உள்ளே போனது. புல் வேர்கள் பாய்போலப் பின்னிப் பாதைக்கு வெளியே நீண்டிருக்கும், அடியில் மண் கிடையாது. பார்க்கத் தரை, மிதித்தால் காற்று. மிதித்தவன் போனபிறகு பாய் மறுபடி நிமிர்ந்துகொள்ளும். காலையில் தேடினவர்களுக்கு எதுவும் தெரியாமல் போனது அதனால்தான்.

பறவைச் சத்தம் இல்லை. கீழே எங்கோ ஓடை உறுமிக்கொண்டிருந்தது. கூப்பிட்ட பெயரையெல்லாம் அது விழுங்கியது.

ஒரு வளைவில் செம்பி நின்றது. கயிற்றை ஆட்டினாள் பிலோமி, அது நகரவில்லை. மூக்கு விடைத்தது, தோல் சிலிர்த்தது.

“காட்டுமாடு வாடையா இருக்கும்” என்றார் வாட்சர்.

“காதைப் பாருங்க.”

குதிரையின் காதுகள் தனித்தனியாகத் திரும்பும். ஒன்று முன்னால் கேட்கும்போது மற்றொன்று பின்னால் கேட்கும். எங்கே காது திரும்புகிறதோ அங்கே அதன் மனம் இருக்கிறது. இரண்டு காதும் ஒரே இடத்தைக் குறிவைத்தால் அங்கே நிச்சயம் ஏதோ இருக்கிறது. செம்பியின் காதுகள் இரண்டும் பள்ளத்துக்குள் குத்திட்டு நின்றன.

பிலோமி குப்புறப் படுத்துப் பெரணியை விலக்கினாள். ஓடையின் இரைச்சல் முகத்தில் அடித்தது. “அண்ணே!”

ஒன்றுமில்லை. மறுபடி கூப்பிட்டாள். செம்பி கனைத்தது. அந்தக் கனைப்பு அடங்கும்போது, கீழேயிருந்து கல்லால் கல்லைத் தட்டும் சத்தம் வந்தது. டொக். டொக்.

மைதீன் உட்கார்ந்துவிட்டான். அவன் உதடு ஏதோ முணுமுணுத்தது.

கயிற்றைப் பாதைக்கு மேலே நின்ற மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். வெறும் கையால் ஓர் ஆளைத் தாங்குவது கஷ்டம். மரத்தைச் சுற்றிவிட்டால் பட்டையின் உராய்வே பாரத்தில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும், நுனியைப் பிடித்திருப்பவர் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழவிட்டால் போதும். வாட்சர் நுனியைப் பிடித்தார். மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு பிலோமி இறங்கினாள்.

சவரி ஒரு வேர்க்கூட்டின் மேல் சாய்ந்து கிடந்தான். உதடு நீலம். இடது காலின் முழங்காலுக்குக் கீழே இருக்கக் கூடாத இடத்தில் ஒரு மடிப்பு. அவன் கால்மாட்டில் ஓடை நுரைத்துக்கொண்டிருந்தது. வேரின் பாதி ஏற்கெனவே தண்ணீருக்குள்.

“நீ ஏன் வந்த? ஏரியில யாரு இருக்கா?” என்றான். குரல் காற்றாகத்தான் வந்தது.

“ஏரி ஓடியா போகுது? வாயை மூடு.”

“செம்பி?”

“உன்னைத் தள்ளிட்டு ஜம்முன்னு முகாமுக்குப் போய்ப் புல்லு தின்னுச்சு.”

அவன் சிரிக்கப் பார்த்தான். பல் கிட்டியது. “அதை அடிக்காத. நான்தான்… பக்கம் மாறலை.”

கையோடு எடுத்து வந்திருந்த கொள்ளுப் பையை மெத்தைபோல மடித்து அவன் காலைச் சுற்றினாள், இருபுறமும் குச்சி வைத்துக் கட்டினாள். அவன் அலறவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அலறும் தெம்புகூட அவனிடம் இல்லை. தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அவன் மார்போடு கட்டினாள்.

மேலே மைதீன் மரத்தில் போட்ட சுற்றுகளைக் கழற்றி, கயிறு அதை வளைத்து மட்டும் வரும்படி விட்டு, நுனியைத் துரையின் மார்பு வாரில் பிணைத்தான். குதிரையின் பலம் கழுத்தில் இல்லை, தோளிலும் மார்பிலும் இருக்கிறது. துரை ஓர் அடி எடுத்து வைத்தது, இன்னோர் அடி. கயிறு மரப்பட்டையில் முனகிக்கொண்டு நகர்ந்தது. அது வழுக்கிப் பின்வாங்காதபடி வாட்சர் மரத்தடியிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சவரி மேலே போனான். கயிறு மறுபடி இறங்கி வருவதற்குள் பிலோமியின் முழங்கால்வரை தண்ணீர் ஏறியிருந்தது. அவள் பாதையில் கை வைத்தபோது, அண்ணன் கிடந்த வேர்க்கூடு கீழே பெயர்ந்து உருண்டு போன சத்தம் கேட்டது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

கஷ்டம் அதோடு முடியவில்லை. வளைவின் அகலத்தில் குதிரைகளைத் திருப்பினார்கள், இப்போது பள்ளம் இடப்பக்கம்.

சவரியைச் செம்பியின்மேல் ஏற்றிக் கழுத்தோடு சாய்த்துக் கட்டினார்கள். துரைக்கு நடை முரடு, ஒடிந்த கால் தாங்காது. மைதீன் துரையோடு முன்னால் போனான், வாட்சர் பின்னால் வந்தார். பிலோமி வலப்பக்கம், மலையோரம் நின்று செம்பியை நடத்தினாள். அது நகர்ந்தது, ஆனால் தலையை இடப்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தது. வாழ்நாளெல்லாம் அங்கே ஆள் இருந்திருக்கிறது, இன்று இல்லை. ஆளைத் தேடிக்கொண்டே செம்பி இடப்பக்கம் ஒதுங்கியது. குளம்புக்கடியில் புல் நெளிந்தது.

“அந்தப் பக்கம் வந்து பிடி தங்கச்சி, அதுக்கு அதுதான் பழக்கம்” என்று மைதீன் முன்னாலிருந்து கத்தினான். சொன்னதும் அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்தப் பக்கம் நிற்க இடமில்லை.

பிலோமி நிறுத்தினாள். யோசித்தாள். குதிரைக்குக் கண்கள் முகத்தின் இரு பக்கமும் இருக்கின்றன. இடப்பக்கத்தை இடது கண் பார்க்கும், வலப்பக்கத்தை வலது கண் பார்க்கும். பார்க்க முடியாத பக்கத்தில் கால் வைக்கக் குதிரை அஞ்சும், தெரிகிற பக்கத்தையே ஒட்டிக்கொள்ளும். கழுத்திலிருந்த மப்ளரை உருவினாள். சேற்றோடு இருந்த அதைச் செம்பியின் இடது கண்ணை மூடித் தலையோடு கட்டினாள்.

செம்பி நடுங்கியது. பிறகு ஒரே தாவலாக வலப்பக்கம் ஒட்டியது. பிலோமி மலைக்கும் குதிரைக்கும் நடுவே நசுங்கினாள். மண்சுவர் அவள் தோளை உரித்தது. அவள் விலக்கவில்லை. “ஒட்டிக்கடி, நல்லா ஒட்டிக்க” என்று அதன் காதில் சொல்லிக்கொண்டே நடந்தாள். முகாம்வரை அந்தக் குதிரை அவளைத் தேய்த்துக்கொண்டேதான் வந்தது. ஜீப்பின் விளக்குகள் மேகத்துக்குள் மஞ்சளாகத் தெரிந்தபோது அவள் வலது கை மரத்துப் போயிருந்தது. சவரிக்கு மூச்சு இருந்தது.

உயிரோடு கொண்டுவந்துவிட்டார்கள், ஊரே மெச்சியது. ஆனால் கால் பழையபடி வரவில்லை. சவரி இப்போது ஏரிக்கரையில் குதிரையோடு நடப்பதில்லை. லாடம் அடிக்கும் இடத்தில் உட்கார்ந்து, போகிற வருகிற குதிரைகளின் காலடியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறான். மழை பெய்யும் நாட்களில் அவன் யாரோடும் பேசுவதில்லை.

முகாம் அடுத்த ஆண்டு திறந்தது. பிலோமிதான் கூட்டத்தை அழைத்துப் போகிறாள். மஞ்சுப்பாறையில் கொள்ளு தின்னவைத்து, பையை மடித்துக் கட்டியதும், கயிறு பிடிப்பவர்கள் எல்லோரும் குதிரையின் முகத்துக்கு முன்னால் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வர வேண்டும். அதுவரை அங்கிருந்து ஒரு குதிரையும் நகரக் கூடாது. வந்தவர்கள் ஏதோ சடங்கு என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். பழகின கால் கண்ணை மூடிக்கொண்டு நடக்கும், திரும்பும் இடத்தில் அதை நிறுத்திவைத்து எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம் என்று அவள் விளக்குவாள்.

செம்பி இப்போது வலப்பக்கம் ஆளை ஏற்றுக்கொள்கிறது. அதற்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. ஆனாலும் அந்த வளைவு வரும்போது நின்றுவிடும். இரண்டு காதும் பள்ளத்துக்குள் குத்திடும். பிலோமி அவசரப்படுத்துவதில்லை. கீழே யாருமில்லை என்று அதுவே கேட்டுத் தெரிந்துகொண்டு காதைத் திருப்பும்வரை, மலையோரம் அவளும் கூடவே நிற்பாள்.