முதலில் வைப்பது யார்?

நன்னீர் மிதவைக் கழகத்தின் இருபது தொலைபேசித் தடங்களும் காலையிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. பேசுகிற ஆள்தான் ஒருவர்கூட இல்லை.

தகவல்தொடர்பு அதிகாரி பிலோமினா மூன்றாம் தடத்தின் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள்.

"அப்புறம்?" என்றது கணக்கரின் குரல். கணக்கரோ எதிர்மேஜையில் வடை தின்றுகொண்டிருந்தார்.

"அப்புறம் என்ன, நீங்கதான் சொல்லணும்," என்றது கடலுக்குள் நாலாம் மிதவையிலிருந்து இன்னொரு குரல்.

"நான் என்னத்தச் சொல்ல? எல்லாம் சொல்லியாச்சு."

"சரி."

"சரி... அப்புறம்?"

"மேடம், இருபதும் இதே பாட்டுதான்," என்றான் டெக்னீஷியன் இசக்கிராஜா. "அஞ்சாம் மிதவையில வடிகட்டி அடைச்சுப்போச்சாம். ஃபோன் கிடைக்கலைன்னு வயர்லெஸ்ல கத்துறாங்க."

தூத்துக்குடிக்கே குடிநீர் கொடுக்கிற கழகம் அது. கடலில் ஒன்பது மிதவைகள் உப்புநீரை நன்னீராக்கிக்கொண்டிருந்தன. அத்தனைக்கும் கரைக்கும் நடுவே ஒரே ஒரு தொலைபேசி இணைப்பகம், தாத்தா காலத்து இரும்புப் பெட்டி. அதைத் தூக்கிப் போடப் பிலோமினாவுக்கு மனம் வரவில்லை. அதன் தலையில் ஒவ்வொரு வசதியாக ஏற்றினாள். முதலில் குரல்நிழல் வந்தது. நம் குரலையும் பேசும் விதத்தையும் கற்றுக்கொண்டு, நமக்குப் பதிலாக அதுவே பேசும். அடுத்து வந்த சாரம்சொல்லி, நிழல் பேசியதை ஒரு வரியில் திரையில் காட்டும். இந்த நிழல்கள் பட்டென்று வைத்துவிடுகின்றன, மரியாதையே இல்லை என்று புகார் கிளம்பவே, நேற்று அவள் பணிவையும் சேர்த்தாள். எதிராளி வைக்கும்வரை நிழல் வைக்காது.

நம் ஊரில் ஃபோனை யார் முதலில் வைப்பது என்பதே ஒரு பெரிய விவகாரம். அது போதாதென்று இப்போது இரண்டு முனையிலும் நிழல்; இரண்டுக்கும் பணிவு! இரும்புப் பெட்டிக்கோ ஒன்றே ஒன்றுதான் தெரியும். யாராவது ஒருவர் வைத்தால் தடத்தை விட வேண்டும். இங்கே யார் வைப்பது?

"ஒவ்வொண்ணா எடுத்து, வைக்கிறேன்னு சொல்லி வைப்போம். வேற வழியில்ல," என்றாள் பிலோமினா.

பத்தொன்பது தடங்களை இருவருமாக விடுவித்தார்கள். மிஞ்சியது ஏழாம் தடம். அவளுடைய சொந்தத் தடம். மறுமுனை ஏழாம் மிதவை. அவள் அண்ணன் ரொசாரியோ அங்கேதான் பொறுப்பாளர்.

பெட்டிக்கு ஒட்டுப் போட ஆரம்பித்த நாளில், அண்ணன் கூட்டத்தில் எழுந்து சண்டைக்கு வந்தான். "ஒட்டுமேல ஒட்டு போடாத பிலோ, ஒருநாள் எல்லாம் சேந்து காலை வாரிடும். புதுசு வை." அவளுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "உப்புத்தண்ணி எறைக்கிறவனுக்கு ஃபோனைப் பத்தி என்ன தெரியும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். அதோடு அவன் கரைக்கு வருவதை நிறுத்திக்கொண்டான்.

மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை நினைத்தாள். கூச்சமாக இருந்தது. அவன் கூப்பிடும்போதெல்லாம் நிழலைப் பேசவிட்டாள். 'அண்ணன் அழைத்தார். நலம் விசாரித்தார். வருத்தம் ஏதுமில்லை' என்றே ஒவ்வொரு முறையும் சாரம்சொல்லி காட்டும். கோபம் ஆறிவிட்டது, கிறிஸ்துமசுக்கு மக்ரூன் வாங்கிக்கொண்டு நேரில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நிம்மதியாக இருந்துவிட்டாள்.

இன்று எதற்குத் தள்ளிப்போட வேண்டும்? ரிசீவரை எடுத்தாள்.

"அண்ணே, நெசமாவே நான்தான் பேசுதேன். எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன் பிலோ."

அதே கரகரப்பான குரல். கேட்டதும் கண் கலங்கியது. "எப்ப வீட்டுக்கு வார?"

"நீ எப்பச் சொல்லுதியோ அப்ப."

சொன்னபடி கேட்கிற ஆளா அவன்? பிலோமினாவுக்குச் சந்தேகம் தட்டியது. வேண்டுமென்றே சீண்டினாள். "பெட்டிக்கு இன்னொரு ஒட்டு போட்டிருக்கேன். ஒனக்கு ஒண்ணும் தெரியாது. உப்புத்தண்ணி எறைச்சுக்கிட்டு அங்கேயே கெட!"

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும், பிலோ."

அவள் ரிசீவரை மேஜைமேல் போட்டுவிட்டு வயர்லெஸ் அறைக்கு ஓடினாள். ஏழாம் மிதவையில் ஒரு பெண் பதில் சொன்னாள்.

"நான் ஷெரின், புதுப் பொறுப்பாளர். ரொசாரியோ அண்ணன் தை மாசமே போயிட்டாங்களே மேடம்! உறங்குகலத்துல."

உறங்குகலம் வேற்றுச் சூரியனுக்குப் போகிற கப்பல். ஏறியதும் உறங்கவைத்துவிடுவார்கள். அவன் கண் விழிக்கும்போது இங்கே அவளுடைய பேரன் பேத்திகள்கூட இருக்க மாட்டார்கள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டாள் பிலோமினா.

ஷெரின் தயங்கினாள். "சொல்லத்தான் மேடம் கூப்பிட்டாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன். 'உறங்குகலத்துக்கு எம் பேரு வந்திருக்கு, போகாதன்னு நீ சண்டை போட்டா போகல'ன்னாங்க. நீங்க, 'சந்தோஷம்ணே, நல்லபடியாப் போயிட்டு வா'ன்னு சொன்னீங்க. ஃபோனை வச்சுட்டு எங்கிட்டத் திரும்பினாங்க. 'ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. இது எந் தங்கச்சி இல்ல, மெஷின். எங்கூடப் பேச அவளுக்கு அவ்வளவு கசக்குதா?'ன்னாங்க. அப்புறம் தன் நிழலையும் போட்டுவிட்டுட்டுக் கெளம்பிட்டாங்க."

பிலோமினா எப்படித் திரும்பி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"ஏழு மட்டுந்தான் மேடம் பாக்கி. வச்சிடட்டுமா?" என்றான் இசக்கிராஜா. அவள் கையசைத்துத் தடுத்தாள்.

மேஜைமேல் கிடந்த ரிசீவரில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவள் போட்ட சண்டையை அவளுடைய நிழல் பக்குவமாகச் சரிசெய்துகொண்டிருந்தது.

"கோவத்துல சொல்லிட்டேண்ணே. அன்னைக்கும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோ."

"விடு பிலோ. நான் எப்பவோ மறந்துட்டேன்."

இத்தனை நாள் வாயில் வராத அந்தச் சொல்லைத் தன் குரலிலேயே கேட்டாள். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, மன்னித்தும் ஆயிற்று. அண்ணனும் தங்கையும்தான் அங்கே இல்லை.

ரிசீவரை எடுத்து, வைக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.