நீல விளக்கு வைத்த பெட்டி

செவ்வாய்க் கோளின் ஏழாம் குமிழ்க் குடியிருப்பில் காலை அறிக்கை வாசிப்பது கழிவறைதான். யாருக்கு நார்ச்சத்து குறைவு, யார் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை என்று வீடு முழுக்கக் கேட்கும்படி சொல்லும். பல் துலக்கியபடியே எல்லோரும் கேட்டுக்கொள்வார்கள்.

அன்று அது, "மெர்லின், வயது நான்கு. விடிந்ததிலிருந்து ஆறாவது வயிற்றுப்போக்கு. ஒரு லிட்டர் சுத்தமான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சர்க்கரை கலந்து அடிக்கடி கொடுங்கள்" என்றது.

மெர்லினின் அப்பா அருள்ராஜ் உயிர்வளி ஆலைப் பொறியாளர். அவருக்கு எரிச்சல் வந்தது. "இருபது கோடி கிலோமீட்டர் தாண்டி வந்தது உப்புத்தண்ணி குடிக்கவா? ஊசி ஏதாவது போடச் சொல்லு."

"தாகமா இருக்குன்னு அழுறாளேங்க" என்றாள் மனைவி ஜெசிந்தா.

"குடுக்காத. உள்ள போறதெல்லாம் வெளியதான் வரும்."

நண்பகலுக்குள் குழந்தையின் கண்கள் குழிவிழுந்தன. அழுதாள், கண்ணீர் வரவில்லை. ஜெசிந்தா கணவரைக் கேட்காமலே மருத்துவர் பாக்கியவதியை அழைத்தாள்.

அவர் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். மடிப்பு மெதுவாகத்தான் விரிந்தது. "போறத நிறுத்துறது அவசரமில்ல. போன தண்ணி திரும்ப உள்ள போகணும்" என்றார். அருள்ராஜ் வாதாட வாயெடுத்ததும், பையிலிருந்து ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து வைத்தார். நீல விளக்கு எரிந்தது. குழாய் நுனியிலிருந்து குழந்தையின் வாயில் திரவம் சொட்டியது. நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி. அருள்ராஜ் மரியாதையோடு விலகி நின்றார்.

மாலையில் மெர்லின் சிறுநீர் கழித்தாள். பிறகு கஞ்சி கேட்டாள். ஜெசிந்தா சுவரில் சாய்ந்து, அதுவரை அடக்கியதையெல்லாம் அழுது தீர்த்தாள்.

"என்ன மருந்து டாக்டர் அது?" என்று கேட்டார் அருள்ராஜ்.

"காலையில உங்க கழிவறை சொன்னதுதான்."

"அப்போ அந்த விளக்கு?"

"அது பிள்ளைக்கு இல்ல, உங்களுக்கு." மருத்துவரின் குரலில் கோபமில்லை. "போன மாசம் மூணாம் குமிழ்ல ஒரு குழந்தைய இழந்தோம். அப்போ என்கிட்ட இந்தப் பெட்டி இல்ல."

மறுநாள் பக்கத்து வீட்டு எபனேசரின் மகளுக்கும் அதே நோய். அருள்ராஜ் தன் கையாலேயே உப்பும் சர்க்கரையும் அளந்து கலக்கி, குடுவையோடு ஓடினார்.

எபனேசர் குடுவையைப் பார்த்தார். "உங்க பிள்ளைக்கு மிஷினு. எங்க பிள்ளைக்கு வெறும் தண்ணியா?"

கதவு மூடிக்கொண்டது. உள்ளே குழந்தை தண்ணீர் கேட்டு அழுவது கேட்டது. விளக்கிச் சொல்ல நேரமில்லை. அருள்ராஜ் பெட்டியை வாங்கிவர மருத்துவர் வீட்டுக்கு ஓடினார்.