மூன்றாவது கிளிஞ்சல்

"ராத்திரி இன்னா நடந்துது? நடந்தத மட்டும் சொல்லு."

பொன்னுரங்கம் இப்படிக் கேட்டதும், உப்பேரிக் கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த தேசப்பன் தலையை நிமிர்த்தி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இன்னாடா ரங்கம், ராத்திரிதானே வந்து கேட்ட? அல்லாத்தையும் சொன்னேனே. திரும்ப இன்னாத்துக்கு?"

பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. கிழவர் கள்ளு கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டான். முந்தின இரவு அவன் படுத்திருந்தது கோட்டைக்குள். பொழுது சாய்ந்ததும் உலாந்தாக்காரர்கள் என்கிற டச்சுக்காரர்கள் கோட்டைக் கதவைச் சாத்திவிடுவார்கள். விடியும் வரை ஒரு ஈ, எறும்புகூட அகழியைத் தாண்டமுடியாது.

"நான் எங்க மாமா வந்தேன்?"

"பின்பக்கத் தட்டியாண்ட நின்னுக்கினு கேட்டியே. உங்கொரலு எனக்குத் தெரியாதா? மேலெல்லாம் தண்ணி சொட்டினு இருந்துது. மழகூட இல்லியே, எங்கடா நனைஞ்சன்னு கேட்டேன். நீ வாயத் தொறக்கல. ஓலையில எழுதினே இருந்த."

சிரிப்பு தானாக நின்றுவிட்டது. பொன்னுரங்கம் ஓலையை மடியில் வைத்து, கிழவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டான். சொன்னதை எழுது, நீ நினைப்பதை எழுதாதே என்பது அவன் கற்றுக்கொண்ட பாடம்.

கோட்டைக்குப்பத்தில் கடலோடும் வீட்டில் பிறந்தவன்தான் பொன்னுரங்கம். சின்ன வயதிலேயே கோட்டைக்குள் எடுபிடியாகப் போய், உலாந்தா பாஷையைக் காதாலேயே பிடித்துக்கொண்டு, இப்போது அங்கிருந்த வைத்தியத் துரைக்குப் பேச்சு மாற்றிச் சொல்பவனாக இருந்தான். அந்தத் துரைக்கு உடம்பைவிட மனசின் மேல்தான் ஆசை. பயம் எங்கிருந்து வருகிறது, கண்ணால் கண்டதிலிருந்தா, காதால் கேட்ட கதையிலிருந்தா என்பதுதான் அவர் ஓயாமல் அரைத்துக்கொண்டிருந்த மாவு. அதை ஆராய ஒரு முறை உண்டு என்று பொன்னுரங்கத்துக்குக் கற்றுக் கொடுத்தார். ஆட்களை இரண்டு பாதியாகப் பிரிக்கவேண்டும். ஒரு பாதிக்குக் கதை சொல்லவேண்டும், மறுபாதிக்குச் சொல்லக்கூடாது. பிறகு எல்லோரிடமும் ஒரே கேள்வியை, ஒரே வார்த்தையில், ஒரே குரலில் கேட்கவேண்டும். பதிலை அவர்கள் வாயில் நாமே ஊட்டிவிடக்கூடாது. கேட்பவன் இரவில் அவர்களோடு தங்கக்கூடாது. யார் எந்தப் பாதி என்பதைத் திருவுளச் சீட்டுதான் சொல்லவேண்டும். விழுந்த சீட்டை மாற்றவே கூடாது.

பொன்னுரங்கம் அதில் சொக்கிப்போய்விட்டான். குப்பத்தில் அவனுக்குக் 'கேள்வி ரங்கம்' என்று பேரே வைத்துவிட்டார்கள். அவன் ராத்திரி உட்கார்ந்து எழுத்தாணியால் ஓலையைக் கீறும்போது, "வூட்டுல எலி பூந்துருச்சுடியம்மா" என்று அவன் பெண்டாட்டி இருசம்மாள் சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

கதையைத் துரையே கட்டினார். ஏரியிலிருந்து நனைந்த உருவம் ஒன்று எழுந்து வந்து, தெரிந்தவர் குரலில் பேசும் என்பது கதை. சீட்டு போடுகிற வேலை பொன்னுரங்கத்துடையது. குப்பத்தானுக்குத் தெரிந்த சீட்டு ஒன்றே ஒன்றுதான், அது பாடு. ஏரித் தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை. வீட்டுக்கு ஒரு கிளிஞ்சல், அதில் அந்த வீட்டுக் குறி. பானையில் போட்டுக் குலுக்கி எடுத்தால், எந்தக் கிளிஞ்சல் முதலில் வருகிறதோ அந்த வீட்டுக்கு முதல் பாடு, அடுத்ததற்கு அடுத்த பாடு. அந்த முறைப்படிதான் நல்ல தண்ணீரில் கழி நட்டு வலை கட்டலாம். எடுத்த கிளிஞ்சலைத் திரும்பப் பானையில் போடும் வழக்கம் கிடையாது. அம்மன் கோயிலில் இருந்த அந்தக் கிளிஞ்சல்களையே பொன்னுரங்கம் கேட்டு வாங்கினான். வழக்கப்படி கணுக்கால் தண்ணீரில் நின்று, ஏரியைப் பார்த்தபடி பாதிக் கிளிஞ்சல்களை எடுத்தான். வெளியே வந்தவர்கள் கதை கேட்காத பாதி. பானையில் தங்கியவர்கள் கேட்கும் பாதி.

முதலில் வந்தது தேசப்பன் வீடு. அடுத்தது விதவை பச்சையம்மா வீடு. மூன்றாவதாக அவன் விரலில் தட்டுப்பட்டது அவன் வீட்டுக் கிளிஞ்சலே. அந்த வீட்டில் பதில் சொல்ல இருசம்மாளை விட்டால் வேறு ஆளில்லை. ஒரு கணம் கை பானைக்குத் திரும்பப் போயிற்று. பிறகு முறை என்றால் முறை என்று எடுத்து வைத்துவிட்டான்.

அன்றைக்கே இருசம்மாள் கேலி செய்தாள். "தண்ணியப் பங்கு போடுற கிளிஞ்சல்ல மனுசாளப் பங்கு போட்டுட்டியே, யோவ். ஏரிக்கு இன்னா தெரியும்? இத்தினி நாளு இதுங்களுக்குத் தண்ணி குடுத்தோம், இப்போ நமக்கு ஆளு குடுக்கறாங்கன்னு நெனச்சுக்கப் போவுது."

அவனும் சேர்ந்து சிரித்தான். பானையில் தங்கிய வீடுகளில் கதையைச் சொல்லிவிட்டு, முறைப்படி அன்றிரவு கோட்டைக்குள் படுத்தான்.

தேசப்பன் சொன்னதைத் துரையிடம் காட்டியபோது அவர் புருவத்தை உயர்த்தினார். கதை கேட்ட பாதியில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் ஒன்றும் நடக்கவில்லை, நன்றாகத் தூங்கினோம் என்றார்கள். கதையே கேட்காத கிழவருக்கு எப்படி வந்தது நனைந்த ஆள்? யாரோ உளறிவிட்டார்கள் என்றார் துரை. இருக்கும் என்று பொன்னுரங்கமும் மனதைத் தேற்றிக்கொண்டான்.

மறுநாள் காலை அவன் குப்பத்துக்கு வந்தபோது கரையில் கூட்டம். நாரைகள்கூட அந்தப் பக்கம் இறங்கவில்லை. உப்பும் சேறும் கலந்த வழக்கமான வாடைக்குள், அடைத்து வைத்த பானையைத் திறந்தாற்போல் ஒரு பழைய தண்ணீர் வாடை மூக்கில் ஏறியது. தூரத்தில், முதல் பாடு விழுந்த தண்ணீரில், வலைக்கழிக்குப் பக்கத்தில் தேசப்பன் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். கழியைப் பிடிக்கவில்லை. எதிலும் சாயவில்லை. நேராக, கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

படகில் போய்த் தொட்டவர்கள் கையை உதறிக்கொண்டு திரும்பினார்கள். உயிர் போய் வெகுநேரமாகியிருந்தது. இழுத்தும் வரவில்லை, சேறு காலை விடவில்லை.

பொன்னுரங்கம் பச்சையம்மா வீட்டுக்கு ஓடினான். அவள் அடுப்படியில் உட்கார்ந்து கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். கேட்பதா வேண்டாமா என்று நாக்கு தடுமாறிற்று. கேட்காமலும் இருக்கமுடியவில்லை.

"அத்த, ராத்திரி இன்னா நடந்துது?"

"ராத்திரியே சொல்லிட்டனேப்பா உன்னாண்ட." அவள் துடுப்பைக் கீழே வைத்தாள். "நடந்தத மட்டும் சொல்லுன்ன. சொன்னேன். நீயும் எழுதிக்கின. முடிஞ்சுது."

அவள் எழுந்தாள். களி அடிபிடித்துப் புகைந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பட்டப்பகல் வெயிலில், சந்தைக்குப் போகிறவள் போல நடந்து, தண்ணீருக்குள் இறங்கினாள். பொன்னுரங்கம் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தான். கை பனிக்கட்டியாக இல்லை, சூடாக இல்லை, தண்ணீரின் பதத்திலேயே இருந்தது. அவன் இழுக்க இழுக்க, அந்த ஒல்லி உடம்பு அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிற்று. இரண்டாவது பாட்டுக் கழிக்குப் பக்கத்தில் நின்றாள். சேறு மெல்ல அவள் காலை வாங்கிக்கொண்டது. வாய் திறந்திருந்தது. கண் இமைக்கவில்லை.

"அத்த! அத்தே!"

அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூச்சு எப்போது நின்றது என்று பக்கத்தில் நின்ற அவனுக்கே தெரியவில்லை.

மூன்றாவது பாட்டுக் கழி கொஞ்சம் தள்ளி இருந்தது. அதன் பக்கத்தில் தண்ணீர் காலியாக இருந்தது.

இன்று ராத்திரி இருசம்மாள்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். இருசம்மாள் எல்லாம் கேள்விப்பட்டிருந்தாள். கேலி செய்கிற அந்த முகத்தில் ரத்தமே இல்லை.

"கெளிஞ்சல் எங்கய்யா?"

"துரை அறையில."

"போய் எடுத்துனு வா. தண்ணியில போட்டு, தெரியாம செஞ்சுட்டோம், ஆளு எங்களுது, திருப்பிக் குடுன்னு கும்பிட்டுக் கேப்போம். வேற வழி தெரில எனக்கு."

அவனுக்கும் தெரியவில்லை. கதை தெரிந்தவர்களிடம் அது வரவில்லை என்பது மட்டும் தெரிந்தது. முறையாவது மண்ணாவது என்று, துரை கட்டிய கதையை அவளுக்கு முழுக்கச் சொன்னான். அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான்.

"வெளக்கு வைக்கறதுக்குள்ள வந்துடுவேன். வெளக்கு வச்சப்புறம் வெளியேர்ந்து என் கொரல் கேட்டா, அது நானில்ல. நனைஞ்சுக்கினு எவன் வந்தாலும் அது நானில்ல. தொறக்காத. ஒரு வார்த்த பேசாத. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. நீ சீக்கிரம் வா, எனக்குப் பயமா இருக்குது."

தனக்குப் பயமாக இருக்கிறது என்று அவள் சொல்லி அவன் கேட்டதே இல்லை.

துரை கிளிஞ்சல்களைக் கொடுக்க மறுத்துவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் அவர் கண்ணில் ஜுரக்காரன் கண்ணைப் போல ஒரு பளபளப்பு இருந்தது. "மூன்றாவது ஆள் இன்று இரவுதான். இவ்வளவு தூரம் வந்துவிட்டு இன்றைக்குக் கலைத்தால் நாம் என்ன தெரிந்துகொண்டோம்?" என்று தன் பாஷையில் கேட்டார்.

"அது என் பெஞ்சாதி துரை," என்றான் பொன்னுரங்கம். எந்தப் பாஷையில் சொன்னான் என்று அவனுக்கே நினைவில்லை.

சீட்டை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டு, அவர் அறையைப் பூட்டிக்கொண்டு மாலைப் பிரார்த்தனைக்குப் போனார். பொன்னுரங்கம் ஜன்னல் பலகையைத் தோளால் இடித்தான். இடித்தான். இடித்தான். பலகை பிளந்தபோது தோளிலும் ரத்தம். பெட்டியிலிருந்த கிளிஞ்சல்களை அள்ளி மடியில் கட்டிக்கொண்டு கோட்டை வாசலுக்கு ஓடினான்.

கதவு சாத்தியிருந்தது. வெளியே இருட்டிவிட்டது. காவல்காரன் சாவியைத் தொடவே மாட்டேன் என்றான்.

பின்பக்க மதில் தாழ்வாக இருந்த இடத்தில் ஏறினான். கீழே அகழி. பாசி நாற்றம். யாரோ அதட்டினார்கள். குதித்தான்.

தண்ணீர் அவனை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டாற்போல் இருந்தது. வாய்க்குள் சேறு. கரை. புல். எழுந்து ஓடினான். மடியில் கிளிஞ்சல்கள் கலகலவென்று சத்தம் போட்டன. குப்பத்தில் எல்லா வீட்டுக் கதவும் சாத்திக் கிடந்தது. ஒரு நாய் இல்லை. ஒரு குழந்தை அழவில்லை. அவன் வீட்டுப் பலகை இடுக்கில் மட்டும் விளக்கு வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தது.

இருக்கிறாள். உள்ளே இருக்கிறாள். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"இருசு! நான்தான்டி! கதவத் தொற!"

உள்ளே வளையல் சத்தம். காலடி. பலகை இடுக்கில் ஒரு கண் வந்து நின்றது. அது அவனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தது. தலைமயிரிலிருந்து, மூக்கு நுனியிலிருந்து, விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கண் விலகிவிட்டது.

"ஐயோ, நான்தான்! அகழியில நீஞ்சி வந்தேன்டி! தோ பாரு, கெளிஞ்சல்!"

அவன் சொல்லிக் கொடுத்தபடியே அவள் வாயைத் திறக்கவில்லை. கதவைக் கையால் அறைந்தான். தோளால் இடித்தான். கப்பல் பலகையில் அவனே செய்து மாட்டிய கதவு. அசையவில்லை.

"ஒரு வார்த்த பேசு இருசு. ஒரே வார்த்த."

அப்போது உள்ளே ஒரு குரல் கேட்டது. அவசரமில்லாத குரல். பழகிய குரல்.

"ராத்திரி இன்னா நடந்துது?"

பொன்னுரங்கத்தின் கை கதவிலேயே நின்றுவிட்டது. அது அவன் குரல்.

"நடந்தத மட்டும் சொல்லு."

"பேசாத! இருசு, அதாண்ட பேசாத!"

இருசம்மாள் சிரித்தாள். பயம் விட்டுப்போன சிரிப்பு.

"நல்லவேள, நீ வெளக்கு வைக்கறதுக்குள்ள நனையாம வந்துட்டய்யா. இல்லன்னா நான் செத்தே போயிருப்பேன்." குரலைத் தாழ்த்தினாள். "இன்னா நடந்துதா? வெளிய ஒருத்தன் நிக்கிறான். மேலெல்லாம் தண்ணி. உங்கொரல்லயே கூப்புடுறான். கெளிஞ்சல்கூட வச்சினுகிறான். நீ சொன்னாப்பலவே நான் ஒரு வார்த்த பேசல."

பிறகு, எலி கொறிப்பதுபோல, உள்ளே எழுத்தாணி ஓலையைக் கீறத் தொடங்கியது.